காட்டில் கூடாரம் அடித்தால் மலங்கழிக்க எந்த வழி: குழியா, வாளியா, பையா?

ஏப்ரல் விடுமுறைக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள். "அக்கா, நக்கிள்ஸ் மலைக்குப் போறம். கூடாரம் இருக்கு, அடுப்பு இருக்கு. மற்றதுக்கு என்ன செய்யிறது?" அந்த 'மற்றது' வரும்போது குரல் இறங்கிவிடும். வெட்கப்பட வேண்டிய கேள்வியே இல்லை இது. எத்தனை கிலோ அரிசி என்று கணக்குப் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிட்டுத்தான் வான் வண்டியில் ஏற வேண்டும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் சித்தி மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் பீலி. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். மேலே காட்டோரத்து ஓடையில் ஒரு கறுப்புக் குழாயைச் செருகி, அதன் வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் பீலியில் தண்ணீர் மெலிந்துவிட்டது. சித்தியின் மகனோடு நானும் மேலே ஏறிப் போனேன். அந்தத் துணியில் இலைகளோடு சேர்ந்து மூன்று வெட் டிஷ்யூ அப்பிக் கிடந்தன. ஒன்றில் சென்ட் வாசனைகூடப் போகவில்லை. பதினைந்து அடி மேலே, பாறை மறைவில், மிச்சம். தம்பி ஒரு குச்சியால் துணியை வழித்துவிட்டு, "லீவு முடிஞ்சா இப்படித்தாங்கக்கா. மழ வந்தா எல்லாம் கீழ வந்துரும்" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது.

அந்த ஓடை மஸ்கெலிய ஓயாவில் சேர்கிறது, அது களனி கங்கையில். களனித் தண்ணீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாயில் விடுகிறார்கள். நமக்கு அம்பத்தளை இருக்கிறது. லயத்தில் இருப்பது ஒரு துணித்துண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது தண்ணீர். "மாட்டுச் சாணம் உரமாகிறதே, இதுவும் அப்படித்தானே" என்று சிலர் கேட்பார்கள். அப்படி இல்லை. மனிதக் குடலில் இருந்து வரும் கிருமி மனிதரைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, வயிற்றோட்டம், குடற்புழு எல்லாம் இந்த வழியில் பரவுபவை. அதனால் ஓடை, குளம், கிணறு, நடைபாதை, கூடாரம் எதுவானாலும் அதிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளிப் போக வேண்டும். பெரியவர் நடையில் 80 எட்டு வரும். நான் நூறு என்றே எண்ணுவேன். மழை வந்தால் நீர் ஓடும் சிறு பள்ளங்களையும் ஓடையாகவே கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது மண். மலத்தை மக்க வைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் காற்றும் சூடும். இலைமக்கு நிறைந்த கருமண் என்றால் வேலை நடக்கும். பாறை, வெறும் மணல், குளிர்ந்த சதுப்பு என்றால் நடக்காது, நடந்தாலும் மிக மெதுவாகத்தான்.

மூன்றாவது, எத்தனை பேர், எத்தனை நாள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 150 கிராம் என்று வையுங்கள். பத்துப் பேர் மூன்று நாள் நின்றால் நாலரைக் கிலோ. நாலு பேருக்குச் சரிவரும் வழி பதினைந்து பேருக்குச் சரிவராது.

நான்காவது, இரவும் பாதுகாப்பும். யானை நடமாடும் காட்டில் இரவு இரண்டு மணிக்கு நூறு எட்டு நடக்க முடியாது. பெண் பிள்ளைகள் இருட்டில் தனியே போகப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து சிறுநீர்த் தொற்றோடு மருந்து எடுத்தவர்களும் உண்டு. எந்த வழியைத் தெரிவு செய்தாலும் 'நம்மில் மிகவும் பயப்படுபவர் இதைப் பாவிப்பாரா' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அது முடிவில் எங்கே போய்ச் சேரும்? பலர் இதை யோசிக்காமலே கிளம்பிவிடுகிறார்கள். மறைந்திருக்கும் செலவெல்லாம் இங்கேதான்.

## 1. அங்கே ஏற்கெனவே இருக்கும் மலசலகூடம்

இருந்தால் இதுதான் முதல் தெரிவு. ஹோட்டன் சமவெளியில் 'பார் இன்' (Farr Inn) என்னும் பார்வையாளர் நிலையத்தில் இருக்கிறது. சிவனொளிபாதமலை வழியில் யாத்திரைக் காலத்தில், அதாவது டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, ஆங்காங்கே திறந்திருக்கும். அந்தக் காலம் அல்லாத நாட்களில் அதை நம்பி ஏறாதீர்கள். மீமுரே போன்ற ஊர்களில் ஒரு வீட்டாரிடம் பேசி, காசு கொடுத்து, அவர்கள் வளவிலேயே கூடாரம் அடிக்கலாம்.

ஆனால் ஒரு குடும்பத்தின் மலக்குழியை இருபது பேர் மூன்று நாள் பாவித்தால் அது சீக்கிரம் நிரம்பும். அங்கே ஊற்றும் தண்ணீரை யாரோ குடத்தில் சுமந்து வந்திருக்கலாம். கேட்ட காசுக்கு மேலே கொஞ்சம் கொடுங்கள், தண்ணீரை நீங்களே அள்ளி வையுங்கள்.

## 2. ஆளுக்கொரு சிறு குழி

காடேறுபவர்கள் உலகம் முழுவதும் சொல்லித்தரும் வழி இது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழம், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் ஒரு கையளவு. நுண்ணுயிர்கள் அதிகம் வேலை செய்வது அந்த மேல்மண்ணில்தான். ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைத்து இரண்டடி தோண்டுபவர்கள் உண்டு. அங்கே காற்றும் குறைவு, உயிரும் குறைவு. போட்டது போட்டபடியே கிடக்கும்.

கருவி என்ன? வெளிநாட்டுக் கரண்டி ஒன்றும் தேவையில்லை. புறக்கோட்டையில் வாங்கும் மேசன் கரண்டி போதும். முதல்முறை நான் ஒரு சாப்பாட்டுக் கரண்டியோடு போனேன். நாலு அங்குலத்தில் வேர். பக்கத்தில் தோண்டினால் கல். அவசரத்தில் மூன்றாவது இடம் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே, சமையலுக்கு முன்பே, குழியை வெட்டி வைக்கச் சொல்கிறேன். வெட்டிய மண்ணைப் பக்கத்தில் குவித்து, இடத்தைக் காட்ட ஒரு குச்சியையும் நட்டுவிடுங்கள். பாவித்த பிறகு கொஞ்சம் மண்ணைப் போட்டுக் குச்சியால் கிளறி, மிச்ச மண்ணால் மூடி, மேலே சருகைப் பரப்ப வேண்டும்.

இந்த வழியில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். கடதாசியைப் புதைக்கலாமா, எரிக்கலாமா, சுமந்து வரலாமா என்று மற்றவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. ஒரு அரை லீற்றர் போத்தல் போதும். குழிக்கு மேலேயே கழுவுங்கள். அதிகம் ஊற்றினால் குழி சேறாகிவிடும். ஓடைக்குப் போய்க் கழுவுவது மட்டும் கூடவே கூடாது. ஊரில் வாய்க்காலில் கழுவிப் பழகிய பெரியவர்களிடம் இதைச் சொல்லத் தயங்குவோம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் கை. சவர்க்காரமும் தண்ணீரும்தான், அதுவும் ஓடையிலிருந்து தள்ளி. சனிட்டைசர் புழு முட்டைகளை ஒன்றும் செய்யாது.

இனி இதன் குறைகள். புதைத்தால் சில கிழமையில் மண்ணாகிவிடும் என்பது நம் விருப்பம் மட்டுமே. அமெரிக்காவின் மொன்டானா மலைகளில் செய்த ஆய்வில், புதைத்த மலத்தில் நோய்க்கிருமிகள் ஒரு குளிர்காலம் கடந்தும் உயிரோடு இருந்தன. நம் தாழ்நிலக் காடுகளில் வெப்பம் உதவும். ஆனால் காட்டுப்பன்றி கிளறிவிடும், ஒரு பெருமழை மேல்மண்ணையே வழித்துப்போகும். இன்னொன்று, எல்லோரும் கூடாரம் அடிக்க விரும்புவது ஓடைக்குப் பக்கத்தில் உள்ள அதே சமதரையில்தான். ஒவ்வொரு கிழமையும் ஒரு குழு வந்தால் அந்த இடத்தைச் சுற்றி எத்தனை குழி? போன கிழமை வந்தவருடைய குழியை நீங்கள் தோண்டி எடுக்கும் நிலை வரும். எனக்கு வந்திருக்கிறது.

ஆகவே இரண்டு, மூன்று, நாலு பேர், ஓர் இரவு, ஆள் அதிகம் வராத இடம், நல்ல கருமண், காய்ந்த காலம் என்றால் குழி நல்ல வழி. இவற்றில் இரண்டு பொருந்தாவிட்டால் வேறு வழி பாருங்கள். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் தோண்டலாமா என்று அங்குள்ள அதிகாரியிடம் முதலில் கேளுங்கள்.

## 3. எல்லோருக்கும் ஒரு பெரிய குழி

சாரணர் முகாம், பாடசாலை முகாம் என்றால் வழக்கமாக இதுதான். நீளமாக ஒரு குழி, பக்கத்தில் மண்குவியல், ஒவ்வொருவரும் பாவித்ததும் ஒரு தகரம் மண். சுற்றி நாலு கம்பு நட்டுச் சாரத்துணி கட்டினால் மறைப்பு. சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் வரும்போது இது வசதியானது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இருபது பேருடையதை ஒரே இடத்தில் குவித்தால் அந்த இடத்து மண்ணால் தாங்க முடியாது. எனக்கு இது பிடிப்பதில்லை. தனியார் நிலம், உரிமையாளரின் சம்மதம், கிணறும் ஓடையும் தூரம், நிலத்தடி நீர் ஆழம் என்று எல்லாம் சரியாக அமைந்தால் மட்டும் செய்யலாம்.

## 4. மூடி வாளியும் தும்புத்தூளும்

கொழும்பிலிருந்து வானில் போகும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். யோசனையைக் கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை சரியாகச் செய்து பார்த்தவர்கள் பிறகு விடுவதில்லை.

தேவையானவை: இறுக்கமாக மூடும் 20 லீற்றர் பெயின்ட் வாளி ஒன்று, காய்ந்த தும்புத்தூள் ஒரு உரப்பை, ஒரு பேணி. தென்னை விளையும் நாட்டில் தும்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. செடி விற்கும் இடங்களில் கிடைக்கும். கட்டியாக அழுத்தியதை வாங்காமல் உதிரியாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மரக்காலையில் மரத்தூள் கேளுங்கள். வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தூள், ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு பேணித் தூள். பார்த்தால் தூள் மட்டுமே தெரிய வேண்டும்.

மணம் வராமல் இருக்க ஒரே இரகசியம், சிறுநீர் வாளிக்குள் போகக் கூடாது. ஈரம்தான் நாற்றத்தைக் கிளப்புவது. சிறுநீரை முதலில் வேறிடத்தில் கழித்துவிட்டு வர வேண்டும். கழுவும் தண்ணீரையும் உள்ளே ஊற்றக் கூடாது. வாளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி வெட்டி, முதலில் கடதாசியால் துடைத்து அதை வாளிக்குள் போட்டுவிட்டு, அந்தக் குழிக்கு மேலே கொஞ்சம் தண்ணீரால் கழுவலாம். நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத ஒழுங்குதான். முதல் நாள் காலை யாராவது மறப்பார்கள். கோபிக்காமல் இன்னும் இரண்டு பேணித் தூள் போடுங்கள்.

கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மறைப்புக் கட்டி வைக்கலாம் என்பதால் இரவுப் பயம் போய்விடுகிறது. எங்கள் குழுவில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதே வாளி வந்த பிறகுதான்.

செலவு திரும்பி வந்த பிறகு தெரியும். தும்புத்தூளை வீட்டு மலசலகூடத்தில் கொட்டினால் குழாய் அடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு வளவு கிடையாது. ஆகவே பயணத்துக்கு முன்பே நிலம் உள்ள ஒருவரைப் பிடித்து வையுங்கள். நாங்கள் ஒரு தோழியின் வீட்டு மூலையில், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, குழியில் கொட்டிச் சருகும் மண்ணும் போட்டு மூடுகிறோம். பக்கத்தில் ஒரு பலகைத் துண்டில் திகதி எழுதியிருக்கும். 20 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. அதன் பிறகும் மரங்களுக்குத்தான். கீரை, காய்கறிப் பாத்திக்குப் போடுவதில்லை.

வான் ஓட்டுநரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் அவருக்குத் தெரிய வருவது மரியாதையில்லை.

## 5. பையில் கட்டி எடுத்து வருவது

உயர்ந்த மலைகள் சிலவற்றில் இன்று இதுதான் சட்டம். அமெரிக்காவின் விட்னி சிகரத்தில் ஏறுபவர்கள் தம் மலத்தைப் பையில் கீழே கொண்டுவர வேண்டும். எவரெஸ்ட்டிலும் 2024ஆம் ஆண்டு முதல் அந்தப் பகுதி உள்ளூராட்சி இதைக் கட்டாயமாக்கியது. குளிரில் எதுவும் மக்காது என்பதுதான் காரணம்.

அங்கே விற்கும், ஈரத்தைக் கெட்டியாக்கும் தூள் போட்ட பைகளை இங்கே தேடி அலைய வேண்டாம். இரண்டு தடித்த பை, உள்ளே பூனைக்குப் போடும் களிமண் மணல் ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் போட ஓர் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா. முதுகுப்பையோடு நடந்து ஏறுபவருக்கு, வாளி தூக்க முடியாத இடத்தில், பாறையிலும் மணலிலும் இதைவிட வேறு வழி இல்லை.

இதன் குறை கொழும்பில்தான் தெரியும். பை கடைசியில் குப்பையில் போகிறது. நம் தெருக்களில் குப்பையைக் கையால் எடுப்பவர் ஒரு மனிதர். குழந்தையின் டயப்பரைச் சுற்றுவதைவிடக் கவனமாகச் சுற்றி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே வைத்து, அவர் வரும்போது சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் பொலித்தீன் சோதனை உண்டு. எதற்கென்று விளக்கத் தயாராக இருங்கள். டப்பாவுக்குள் வைத்துக் காட்டினால் பேசுவது எளிது.

## ஒரே பார்வையில்

| வழி | எத்தனை பேர் | ஏற்ற இடம் | ஆகாத இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| இருக்கும் மலசலகூடம் | எத்தனை பேரும், அளவோடு | ஊர், பூங்கா நிலையம் | காலம் முடிந்து பூட்டிய இடம் | வீட்டாரின் தண்ணீர், நிரம்பும் குழி |
| தனிக்குழி | 2 முதல் 4 | கருமண் காடு, காய்ந்த காலம் | மணல், பாறை, சதுப்பு, யானைக்காடு | திரும்பத் திரும்ப ஒரே இடம், பன்றி, மழை |
| பெரிய குழி | முகாம் | தனியார் நிலம் | கிணற்றை நம்பும் ஊர் | ஒரே இடத்துச் சுமை |
| வாளி | 5 முதல் 15 | வான் போகும் எந்த இடமும் | நடந்து மட்டும் ஏறும் மலை | திரும்பியபின் நிலம் தேவை |
| பை | 1 முதல் 6 | பாறை, மணல், குளிர்மலை | நீண்ட நாள் முகாம் | குப்பை எடுப்பவரின் கை, பொலித்தீன் |

## இடத்துக்கு இடம் மாறும்

ஹோட்டன் சமவெளி. 2000 மீற்றருக்கு மேலே, குளிர், ஈரம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று இங்கே. குழியை மறந்துவிடுங்கள். பார்வையாளர் நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்குள்ள மலசலகூடம், மற்ற நேரம் பை.

நக்கிள்ஸ். நடந்து ஏறும் சிறு குழு என்றால் குழி, மழைக்காலத்தில் பை. வான் போகும் இடம் என்றால் வாளி. கீழே எங்கேயோ ஒரு கறுப்புக் குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அட்டை இருக்கும், உட்காருமுன் காலைப் பாருங்கள்.

வில்பத்து, யால. யானை, கரடி, சிறுத்தை. ஒதுக்கிய இடத்தை விட்டு நடக்கவே கூடாது. ஆகவே குழிக்கான தூரமே கிடைக்காது. வாளிதான். வாளியை இரவில் எங்கே வைப்பது என்று கூடவரும் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம். 'மணலைத் தள்ளி மூடினால் போச்சு' என்று நினைக்கும் இடங்கள் இவை. எனக்கு அதிகம் பயம் தருவதும் இவைதான். கற்பிட்டியில் மணலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே குடிதண்ணீர். யாழ்ப்பாணத்தில் மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியே மேலே போட்டது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். வருடம் முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை, கிணறுதான் எல்லாம். கசூரினாக் கடற்கரைப் பக்கம் தங்கினாலும் சரி, ஒரு வளவில் தங்கினாலும் சரி, தோண்டாதீர்கள்.

## எந்த வழியானாலும்

வெட் டிஷ்யூ பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்தது. புதைத்தாலும் மக்காது, எரித்தால் உருகும். கொண்டு போகாமலிருப்பதே நல்லது. சானிட்டரி நப்கினும் அப்படித்தான். அதற்கென்று கறுப்பு நிறத்தில் ஒரு சிறு டப்பாவைக் குழுவின் பொதுச் சாமானோடு முன்கூட்டியே போட்டு வையுங்கள். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்காது. சிறுநீரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஓடையிலிருந்து தள்ளி, பரந்த மண்ணில் கழித்தால் போதும்.

இந்தக் கிழமை வந்த கேள்வி: பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பெண்கள், இரண்டு இரவு, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு சரிவு, மே மாதக் கடைசி. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம். கீழே நீர்த்தேக்கம், நடுவில் லயங்கள். இரண்டு வாளி எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஒன்று பெண்களுக்கு. தும்புத்தூள் இரண்டு உரப்பை, மழையில் நனையாமல் கட்டி. பழைய சேலை நாலு, கயிறு, மேசன் கரண்டி ஒன்று, சவர்க்காரம். திரும்பி வரும் ஞாயிறு பின்னேரம் வத்தளையில் தோழியின் கேட் திறந்திருக்கும். புதுத் திகதி எழுத ஒரு பலகைத் துண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.